பி-இசட் தெற்கே திரும்பினா துருவத்து அயனோஸ்பியர் ஏன் இப்படி ஆடுது? (விவாத இழை)

வடக்குவானம்:
எல்லாருக்கும் வணக்கம். நான் வடக்கு நோர்வேயில திரோம்சோவில இருக்கிறன். குளிர்காலம் வந்தா அரோரா பாக்கிறதுக்கெண்டே சனம் இஞ்ச வந்து குவியும், எனக்கும் கமெராவத் தூக்கிக்கொண்டு வெளிக்கிடுறது பழகிப்போச்சு. கேக்க வந்த விசயம் இதுதான். போன் ஆப்பில கேபி (உலகம் முழுக்கக் காந்தக் குழப்பம் எவ்வளவு எண்டு காட்டுற எண்) 5, 6 எண்டு காட்டும், போய் நிண்டு பாத்தா தலைக்கு மேல ஒண்டும் இராது, தெற்குப் பக்கம் அடிவானத்தில ஏதோ மங்கலாக் கிடக்கும். வேற நாளில கேபி 2, 3 தான், ஆனா வானம் முழுக்கப் பச்சையா ஆடும். அதே ஆப்பில பி-இசட் எண்டு இன்னொரு எண் இருக்கு, அது மைனசுக்குப் போனா ஒரு மணித்தியாலம் ஒண்டரை மணித்தியாலத்துக்குள்ள ஏதோ நடக்குது எண்டதைக் கவனிச்சிருக்கிறன். அது சூரியனில இருந்து வாற காந்தப்புலத்தின்ர வடக்கு-தெற்குக் கூறு, மைனஸ் எண்டா தெற்கு எண்டு போட்டிருக்கு, அந்தப் புலம் சாதாரண நாளில 5 நேனோடெஸ்லாதானாம். பூமியின்ர காந்தப்புலம் இஞ்ச 50,000 நேனோடெஸ்லாவுக்கும் மேல. 5 போய் 50,000ஐ என்ன செய்யேலும்? அதுவும் அளவில்லாம திசைதான் முக்கியம் எண்டு சொல்லுறாங்கள், ஏன்? தெரிஞ்ச ஆக்கள் விளங்கப்படுத்துங்கோ.

பிளாஸ்மா_பித்தன்:
அருமையான கேள்வி அண்ணே, முதல்ல அந்த 5-க்கு 50,000 கணக்க முடிச்சிடலாம், நெறய பேர் அங்கதான் நின்னுடுவாங்க. 50,000-ங்கறது உங்க காலுக்குக் கீழ தரையில. ஆனா ரெண்டு புலமும் சந்திக்கிற எடம் தரை கெடையாது. சூரியன் பக்கமா பூமியோட ஆரத்த மாதிரி சுமார் 10 மடங்கு தூரத்துல, அதாவது 60 ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல, மேக்னடோபாஸ்னு பூமியோட காந்தப்புலம் முடியற ஒரு எல்லை இருக்கு. இருமுனைப் புலம் தூரத்தோட மூணாவது அடுக்குல கொறையும், பத்து மடங்கு தூரம்னா ஆயிரத்துல ஒரு பங்கு, பூமத்திய ரேகையில தரைமட்டத்துல 31,000 இருக்கறது அங்க 31 ஆயிடுது, சூரியக் காத்து (சூரியன்ல இருந்து ஓடி வர்ற மின்னூட்டத் துகள்கள்) நெருக்கறதால அது கிட்டத்தட்ட ரெட்டிப்பாகி 60 பக்கம் நிக்கும். அந்தப் பக்கம் வர்ற 5-ம் 5-ஆவே வந்து முட்டறதில்ல, மேக்னடோபாஸுக்கு முன்னால நிக்கற பௌ ஷாக்ங்கற அதிர்ச்சி அலையத் தாண்டும்போது இறுகி நாலு மடங்கு வரைக்கும் ஏறிடும். ஆக உண்மையான போட்டி 60-க்கும் 20-க்கும். இப்ப அவ்வளவு ஆச்சரியமா தெரியாது பாருங்க.

அடுத்தது திசை. அந்த எல்லையில பூமியோட காந்தக்கோடு வடக்கு பாத்து நிக்குது. வர்ற புலமும் வடக்கு பாத்து வந்தா ரெண்டும் ஒண்ண ஒண்ணு தள்ளி வழுக்கிட்டுப் போயிடும். தெற்கு பாத்து வந்தா எதிரெதிர் கோடுகள் ஒரு மெல்லிசான மின்னோட்டப் படலத்துல அறுந்து புதுசா சேர்ந்துக்கும், இதத்தான் ரீகனெக்‌ஷன்ங்கறோம். சேர்ந்த பிறகு அந்தக் கோட்டோட ஒரு முனை துருவத்துல இருக்கு, இன்னொரு முனை சூரியக் காத்துக்குள்ள எங்கயோ இருக்கு. காத்து செகண்டுக்கு 400 கிலோமீட்டர் வேகத்துல ஓடுது, அது தன்னோட முனைய இழுத்துட்டுப் போகும்போது பூமிப் பக்க முனையும் துருவத்துக்கு மேல பகல்ல இருந்து இரவுப் பக்கமா இழுபடும். பின்னால, பூமியோட காந்தப்புலம் இரவுப் பக்கம் நீண்டு கிடக்கற வால்ல போய் மறுபடியும் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து மூடிக்கிட்டு, காலை மாலைப் பக்கங்கள் வழியா முன்னால திரும்பி வரும். இந்தச் சுழற்சிய ஜேம்ஸ் டங்கி 1961-ல மூணு பக்கம்கூட வராத ஒரு சின்ன கட்டுரையில எழுதிட்டார், விண்கலங்கள் அந்தப் புலத்த அளக்க ஆரம்பிச்ச காலம்தான் அது. 1966-ல ஃபேர்ஃபீல்டும் காஹிலும் எக்ஸ்ப்ளோரர் 12 தரவ வச்சு, வெளிப்புலம் தெற்கே இருக்கும்போதுதான் துருவப் பக்கம் காந்தக் குழப்பம் வருதுன்னு காட்டினாங்க.

சக்தி எல்லாம் காத்தோட வேகத்துல இருந்துதான் வருது, பி-இசட் அத உள்ள விடற தாழ்ப்பாள் மாதிரி, தாழ்ப்பாள் போட்டிருந்தா வெளிய எவ்வளவு காத்தடிச்சாலும் கதவு கொஞ்சம் அதிரும், அவ்வளவுதான். அதனாலதான் வேகமான காத்து வடக்கு பி-இசட்டோட வந்தா பெருசா ஒண்ணும் நடக்காம போயிடுது, சுமாரான காத்து தெற்கு பி-இசட்டோட மணிக்கணக்கா நின்னா அரோரா வெளுத்து வாங்குது.

கேள்விக்குறி:
அண்ணா நான் பிஎஸ்சி பிசிக்ஸ் ரெண்டாம் வருஷம். கோடு அறுந்து சேருதுன்னு சொல்றது புரியுது, ஆனா அது 60 ஆயிரம் கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் நடக்குது, அயனோஸ்பியர், அதாவது காத்து அயனியாகி பிளாஸ்மாவா இருக்கற மேல் அடுக்கு, 100-ல இருந்து 400 கிலோமீட்டர் உயரத்துலதான இருக்கு, அங்க இருக்கற பிளாஸ்மாவுக்கு இது எப்படி தெரியும், எது வந்து தள்ளுது?

ராடார்_ராசா:
இதுக்கு நான் பதில் சொல்றேன், எம்எஸ்சி ப்ராஜெக்ட்டுக்கு சூப்பர்டார்ன் (துருவ அயனோஸ்பியர் ஓட்டத்த அளக்கற ராடார் வரிசை) டேட்டாவோட மல்லுக்கட்டினவன் நான்.

மின்புலம்தான் தள்ளுது தம்பி. சூரியக் காத்து ஓடற பிளாஸ்மா, அதுக்குள்ள தெற்கு பாத்த புலம் இருந்தா நாம பூமியில நின்னு பாக்கறப்ப காலைப் பக்கத்துல இருந்து மாலைப் பக்கமா ஒரு மின்புலம் தெரியும். 400 கிலோமீட்டர் வேகத்த 5 நேனோடெஸ்லாவால பெருக்கு, மீட்டருக்கு 2 மில்லிவோல்ட் வரும். காந்தக்கோடு நல்ல கடத்தி மாதிரி, அதனால திறந்த கோடு வழியா அந்த மின்னழுத்தம் அப்படியே கீழ இறங்கிடுது. மேக்னடோஸ்பியர் (பூமியோட காந்தப்புலம் ஆளற பகுதி) அகலம் பூமியோட ஆரத்துல 30 மடங்கு இருக்கும், அது முழுக்க வந்தா 380 கிலோவோல்ட் வரணும், நிஜத்துல துருவத்துக்குக் குறுக்க 50, 60 கிலோவோல்ட்தான் கிடைக்கும், அதாவது ஆறுல ஏழுல ஒரு பங்குதான் உள்ள வருது, மிச்சமெல்லாம் சுத்திப் போயிடுது.

இப்ப கீழ வா. போலார் கேப் (துருவத்துல திறந்த கோடுகள் இறங்கற பரப்பு) குறுக்களவு ஒரு 3000 கிலோமீட்டர்னு வை. 60 கிலோவோல்ட்ட 3000 கிலோமீட்டரால வகுத்தா மீட்டருக்கு 20 மில்லிவோல்ட். அத 50,000 நேனோடெஸ்லாவால வகுத்தா செகண்டுக்கு 400 மீட்டர், மணிக்கு 1400 கிலோமீட்டருக்கு மேல. மின்புலமும் காந்தப்புலமும் குறுக்க இருக்கறப்ப பிளாஸ்மா நகர்ற ஈ-கிராஸ்-பி வேகம் அதுதான், அந்த வேகத்துலதான் அயனோஸ்பியரோட மேல் பகுதியான எஃப் அடுக்குல இருக்கற பிளாஸ்மா துருவத்துக்கு மேல பகல்ல இருந்து இரவுக்கு ஓடுது. புயல் நேரத்துல செகண்டுக்கு ஒரு கிலோமீட்டரத் தாண்டும். பேப்பர்ல இந்த நாலு வரி போட்டுப் பாரு, சூரியன்ல இருந்து வந்த 5 நேனோடெஸ்லாவுக்கும் உன் தலைக்கு மேல ஓடற பிளாஸ்மாவுக்கும் நேரா ஒரு கணக்கு கிடைக்கும், எனக்கு இந்த சப்ஜெக்ட் பிடிச்சதே இதனாலதான்.

ராடார்ல பாக்கறப்ப இன்னும் அழகு. சூப்பர்டார்ன் ராடாருங்க 8-ல இருந்து 20 மெகாஹெர்ட்ஸ்க்குள்ள அனுப்பும், காந்தக்கோட்டோட நீண்டு கிடக்கற ஒழுங்கில்லாத பிளாஸ்மாத் திட்டுல பட்டுத் திரும்பும், டாப்ளர் வச்சு வேகம் எடுக்கலாம். ரெண்டு அரைக்கோளத்துலயும் சேத்து 30-க்கும் மேல ராடார் இருக்கு, எல்லாத்தையும் சேத்து மேப் போட்டா ரெண்டு பெரிய சுழல் தெரியும், காலைப் பக்கம் ஒண்ணு மாலைப் பக்கம் ஒண்ணு, நடுவுல துருவத்துக்கு மேல இரவு நோக்கி ஓட்டம், ஓரத்துல அரோரா ஓவல் (துருவத்தச் சுத்தி அரோரா வர்ற வளையம்) ஓரமா சூரியனப் பாத்துத் திரும்பற ஓட்டம். பி-இசட் தெற்கே போகப் போக ரெண்டும் பெருத்துக்கிட்டே வரும்.

வடக்குவானம்:
@பிளாஸ்மா_பித்தன் @ராடார்_ராசா ரெண்டு பேருக்கும் நன்றி, 60க்கு 20 எண்ட கணக்கு நல்லா விளங்கீட்டுது. அப்ப கேபி கூடின நாளில எனக்கு ஏன் தலைக்கு மேல ஒண்டுமில்ல?

பிளாஸ்மா_பித்தன்:
அதுக்கு ரெண்டு காரணம் இருக்கு அண்ணே. கேபிங்கறது மூணு மணிநேரத்துக்கு ஒரு எண், அதுவும் உலகம் முழுக்க இருக்கற 13 ஸ்டேஷன் சேத்து எடுத்தது, அந்த மூணு மணிநேரத்துல எப்ப அடிச்சுதுன்னு அதுக்குத் தெரியாது. நீங்க வெளிய போறப்ப ஆட்டம் முடிஞ்சிருக்கலாம். அதவிட முக்கியமானது, பகல் பக்கம் கோடுகள் திறந்துக்கிட்டே இருக்கு, வால்ல மூடறது அதே வேகத்துல நடக்கலன்னா, திறந்த கோடுகள் இருக்கற பரப்பு, அதாவது போலார் கேப், பெருசாகிட்டே போகும். அரோரா ஓவல் அதோட ஓரம்தான, அதுவும் தெற்கே தள்ளிப் போகும். திரோம்சோ காந்த அட்சரேகைல 66, 67-ல இருக்கு, சாதாரண நாள்ல ஓவல் உங்க தலைக்கு மேலயே இருக்கும், அதனால கேபி 2-லயே உங்களுக்கு விருந்து. பெரிய புயல்ல ஓவல் உங்களத் தாண்டி ஸ்டாக்ஹோம் பக்கம் போயிடும், நீங்க போலார் கேப்புக்குள்ள மாட்டிக்கிட்டு தெற்குப் பக்கம் பாத்துட்டு நிக்கறீங்க. கேபி பாக்கறது தெற்கே இருக்கறவங்களுக்குத்தான் உபயோகம், உங்க ஊர்க்காரங்க பி-இசட்டையும் அது எவ்வளவு நேரமா தெற்கே நிக்குதுங்கறதையும் பாருங்க.

தெற்கே போன உடனே வெடிக்காது, அதையும் சொல்லிடறேன். முக்கால் மணி ஒரு மணிநேரம் சக்தி வால்ல சேரும், அப்ப ஒரு அமைதியான வளைவு மெதுவா தெற்கே நகரும், அப்பறம்தான் சேர்ந்த சக்தி சப்ஸ்டார்மா வெடிச்சு ஓவல் வடக்கே பாயும். அந்த அமைதியான வளைவு தெற்கே நகர ஆரம்பிச்சதப் பாத்துட்டு போர் அடிக்குதுன்னு வீட்டுக்குப் போயிடாதீங்க.

ஷார்ட்வேவ்_மாமா:
நல்ல இழை. நான் சென்னையில இருந்து ஹாம் ரேடியோ பண்றேன், எனக்கு இது வேற விதத்துல வயித்தெரிச்சல். சென்னையில இருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு கிரேட் சர்க்கிள் போட்டுப் பாருங்க, பசிபிக் நடுவால போகாது, வடகிழக்கே ஏறி சைபீரியாவோட ஆர்க்டிக் ஓரத்தத் தொட்டு அலாஸ்கா வழியாத்தான் இறங்கும். 14 மெகாஹெர்ட்ஸ்ல அந்தப் பக்கத்து ஸ்டேஷன் வந்தா குரல் நடுங்கும், தண்ணிக்குள்ள இருந்து பேசற மாதிரி ஒரு குழைவு, சிக்னல் மீட்டர்ல எஸ் 7 காட்டும் ஆனா ஒரு வார்த்தை புரியாது. சில நாள் சூரியப் புள்ளி எல்லாம் நல்லா இருக்கும், ஃப்ளக்ஸ் நல்லா இருக்கும், பாத் மட்டும் செத்துக் கிடக்கும். இதுவும் இந்த பி-இசட் வேலைதானா?

ராடார்_ராசா:
மாமா, அந்த நடுக்கம் நிச்சயமா இதுதான். துருவத்துக்கு மேல பிளாஸ்மா ஓடுதுன்னு சொன்னேன்ல, அது வெறும் கையோட ஓடறதில்ல. பகல் பக்கம் மத்திய அட்சரேகைகள்ல சூரிய ஒளியில உருவான அடர்த்தியான பிளாஸ்மாவ இழுத்து, கஸ்ப் (நண்பகல் பக்கம் சூரியக் காத்து நேரா உள்ள இறங்கற திறப்பு) வழியா இருட்டுல கிடக்கற போலார் கேப்புக்குள்ள கொண்டுபோகுது. நீளமா நாக்கு மாதிரி போனா டங் ஆஃப் அயனைசேஷன்ம்பாங்க. பி-இசட்டும் பி-ஒய்யும் (அதே புலத்தோட பக்கவாட்டுக் கூறு) மாறிக்கிட்டே இருந்தா, ரீகனெக்‌ஷன் விட்டு விட்டு அடிச்சா, அந்த நாக்கு துண்டு துண்டாகி பேட்சா போகும். ஒவ்வொண்ணும் 100-ல இருந்து 1000 கிலோமீட்டர் அகலம், சுத்தி இருக்கறத விட குறைஞ்சது ரெண்டு மடங்கு அடர்த்தி. செகண்டுக்கு 500 மீட்டர்னா போலார் கேப்ப தாண்ட ஒன்றரை மணிநேரத்துக்கு மேல ஆகும், சூரிய ஒளியே இல்லாத இடத்துல அவ்வளவு நேரமும் அழியாம இருக்கும், ஏன்னா 300 கிலோமீட்டர் உயரத்துல அயனிகள் மறுபடி சேர நேரமெடுக்கும்.

உங்க சிக்னல் அந்தத் திட்டுங்கள்ல பட்டு பல வழியா வருது, ஒவ்வொரு திட்டும் வேற வேற வேகத்துல ஓடறதால ஒவ்வொரு வழிக்கும் ஒரு டாப்ளர், எல்லாம் சேந்து காதுக்கு நடுக்கமா கேக்குது. திட்டோட ஓரங்கள்ல உடைஞ்சு உடைஞ்சு சின்ன ஒழுங்கின்மை வேற உருவாகும், அது ஜிபிஎஸ் சிக்னலையே கலக்கிவிடும், நோர்வேக்கு வடக்கே ஸ்வால்பார்ட் தீவுகள்ல நியூ-ஓலசுண்ட்ல ஜிபிஎஸ் ரிசீவர் வச்சு இதையே தொடர்ந்து பாக்கறாங்க. இந்தியாவோட ஹிமாத்ரி ஸ்டேஷனும் 2008-ல இருந்து அதே ஊர்லதான் இருக்கு, பகல்ல அந்த ஊர் கஸ்ப்புக்குக் கீழ வரும், இந்த மாதிரி வேலைக்கு அதவிட நல்ல இடம் கிடைக்காது.

ஆனா பாத் மொத்தமா செத்துப் போறதுக்கு வேற காரணமும் இருக்கலாம், ரெண்டையும் போட்டுக் கொழப்பிக்கக்கூடாது. சூரியன்ல இருந்து புரோட்டான் மழை வந்தா அயனோஸ்பியரோட அடியில இருக்கற டி அடுக்குல போலார் கேப் முழுக்க சிக்னல உறிஞ்சிடும், அது சில நாள் வரைக்கும் நீடிக்கும், அதுக்கு பி-இசட் எந்தப் பக்கம் இருந்தாலும் ஒண்ணுதான். 82 டிகிரிக்கு வடக்கே ஜியோ சாட்டிலைட் எட்டாது, எச்எஃப் (ஷார்ட்வேவ்) ரேடியோவ நம்பிப் போற துருவ விமானங்கள வழி மாத்தி விடறது பெரும்பாலும் இந்தப் புரோட்டான் பயத்துலதான். அதனால புரோட்டான் ஃப்ளக்ஸ் சாதாரணமா இருக்கு, பி-இசட் தெற்கே இருக்கு, குரல் நடுங்குதுன்னா அது பேட்ச் அல்லது அரோரா. புரோட்டான் ஏறியிருக்கு, சத்தமே இல்லன்னா அது உறிஞ்சல்.

கேள்விக்குறி:
எனக்கு ஒரு சந்தேகம். பார்க்கர் ஸ்பைரல்னு படிச்சோம், சூரியன் சுத்தறதால காந்தப்புலம் சுருளா வரும், அது கிரகங்கள் சுத்தற தளத்துலயே படுத்திருக்கும்னு. அப்ப வடக்கு தெற்கு கூறு எங்க இருந்து வருது? பூஜ்ஜியமா இல்ல இருக்கணும்?

பிளாஸ்மா_பித்தன்:
சராசரியா பூஜ்ஜியம்தான், நீ சொல்றது சரி. ஆனா வேகமான காத்துல ஆல்ஃப்வென் அலைகள் இருக்கும், புலத்த மேலயும் கீழயும் ஆட்டிக்கிட்டே வரும், சில நிமிஷம் தெற்கு சில நிமிஷம் வடக்கு. அடுத்தது சிஎம்இ, அதாவது சூரியன் வெடிச்சு வீசற பிளாஸ்மா மேகம், அது உள்ளயே முறுக்கின கயிறு மாதிரி காந்தப்புலம் வச்சிருக்கும், முன் பாதி தெற்கேயும் பின் பாதி வடக்கேயும் (இல்ல மாறியும்) மணிக்கணக்கா இருக்கும், பெரிய புயல் எல்லாம் இதுலதான். 2024 மே 10 ராத்திரி வந்ததுல பி-இசட் மைனஸ் 40-க்கும் கீழ போச்சு, 2003 அக்டோபருக்குப் பிறகு வந்த முதல் ஜி5 (உச்ச அளவு) புயல், லடாக்ல ஹான்லேவுல வானம் சிவந்தது அப்பதான்.

மூணாவது ஒண்ணு இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்சது. பூமியோட காந்த அச்சு சாஞ்சிருக்கு, நாம பி-இசட்ட அளக்கறது பூமியோட காந்த அச்சோட சேந்து சாயற ஆயத்துல. மார்ச்லயும் செப்டம்பர்லயும் அந்தச் சாய்வு பக்கவாட்டுல இருக்கறதால, தளத்துல படுத்திருக்கற பி-ஒய்யே ஒரு பகுதி பி-இசட்டா விழும். ரசலும் மெக்பெரானும் 1973-ல சொன்னது. சம இரவு பகல் மாசங்கள்ல அரோரா அதிகமா வர்றதுக்கு இது ஒரு பெரிய காரணம், வடக்குவானம் அண்ணனுக்கு செப்டம்பர் மார்ச் மாசங்கள் ஏன் நல்லா அமையுதுன்னு அனுபவத்துலயே தெரிஞ்சிருக்கும்.

கயல்_நெல்லை:
எல்லாரும் பி-இசட் பத்தியே பேசிட்டு இருக்கீங்க, பி-ஒய்ய விட்டுட்டீங்களே. துருவத்துல அது தனிக் கதை. 1968-ல ஸ்வால்கார்டு, 69-ல மன்சுரோவ், ரெண்டு பேரும் தனித்தனியா கண்டுபிடிச்சது, துருவத்துக்குப் பக்கத்துல இருக்கற காந்தமானிப் பதிவோட தினசரி வடிவத்தப் பாத்தே, அன்னைக்கு வெளிப்புலம் சூரியனப் பாத்து இருக்கா விலகி இருக்கான்னு சொல்லிடலாம்னு. யோசிச்சுப் பாருங்க, விண்கலமே வேண்டாம், கிரீன்லாந்துல ஒரு குடிசைக்குள்ள காந்த ஊசி ஆடற பதிவ வச்சு கிரகங்களுக்கு நடுவுல இருக்கற புலத்தோட திசையச் சொல்லலாம். கோட்ஹாவ்ன் ஸ்டேஷன்ல 1926-ல இருந்து பதிவு இருந்ததால, ஸ்புட்னிக்குக்கு 30 வருஷம் முன்னால இருந்த வெளிப்புலத்தோட திசையக்கூட கணிச்சாங்க.

காரணம் இதுதான். பி-ஒய் இருந்தா புதுசா சேர்ந்த கோட்டுல ஒரு பக்கவாட்டு இழுவிசை வரும். பி-ஒய் பாசிட்டிவ்னா வட அரைக்கோளத்துல நண்பகல் பக்கத்து ஓட்டம் காலைப் பக்கமா சாயும், தென் அரைக்கோளத்துல நேர் எதிரா மாலைப் பக்கமா சாயும். ராசா சொன்ன ரெண்டு சுழலும் சமமா இருக்காது, வடக்குல மாலைச் சுழல் உருண்டு பெருத்து காலைச் சுழல் பிறை மாதிரி ஒடுங்கிடும். பி-ஒய் நெகட்டிவ் ஆனா மாறிடும்.

இத கண்ணாலயே பாக்கலாம். ஸ்வால்பார்ட்ல டிசம்பர்ல மதியமும் இருட்டு, அதனால லாங்இயர்பியென்ல பகல் அரோரா தெரியும், சிவப்பு அதிகமா இருக்கும். கேமரா வரிசையப் பாத்தீங்கன்னா தெற்கு ஓரத்துல ஒரு வளைவு பளிச்னு ஏறும், வடக்கே நகந்துக்கிட்டே மங்கும், அஞ்சு பத்து நிமிஷத்துல அடுத்தது. பி-ஒய் பாசிட்டிவா இருக்கற அன்னைக்கு ஒவ்வொண்ணும் வடக்கே போறதோட மேற்கேயும் ஓடும், நெகட்டிவ்னா கிழக்கே. ரீகனெக்‌ஷன் ஒவ்வொரு தடவை அடிக்கறதயும் வானத்துல நேரடியா பாக்கற மாதிரி.

வடக்குவானம்:
@கயல்_நெல்லை அருமை. லாங்இயர்பியெனில ஒருக்கா மத்தியானம் சிவப்பா ஓடினதைப் பாத்திருக்கிறன், அதுக்கு இப்பிடி ஒரு கணக்கு இருக்குமெண்டு எனக்குத் தெரியாது. அப்ப பி-இசட் வடக்கே இருந்தா ஒண்டும் நடவாதோ? நான் அண்டைக்குப் படுத்து நித்திரை கொள்ளலாமோ?

ராடார்_ராசா:
திரோம்சோவுல தூங்கலாம், ஸ்வால்பார்ட்ல தூங்கக்கூடாது. வடக்கு பி-இசட்ல சேர்க்கை கஸ்ப்புக்கும் பின்னால, வாலோட திறந்த கோடுகள்ல நடக்கும், லோப் ரீகனெக்‌ஷன்ம்பாங்க. அப்ப போலார் கேப்புக்குள்ள ஓட்டம் தலைகீழா ஆயிடும், இரவுல இருந்து சூரியனப் பாத்து ஓடும், ரெண்டு சுழல் நாலாகும். மொத்த மின்னழுத்தம் 20, 30 கிலோவோல்ட்டுக்கு இறங்கிடும், ஓவல் சுருங்கி வடக்கே போயிடும். அந்த நேரத்துல போலார் கேப்புக்கு நடுவுல பகல்ல இருந்து இரவு வரைக்கும் ஒரே நீள வளைவு வரும், மேல இருந்து பாத்தா ஓவலும் நடுக்கோடும் சேந்து கிரேக்க தீட்டா (θ) எழுத்து மாதிரி இருக்கும், டைனமிக்ஸ் எக்ஸ்ப்ளோரர் 1 விண்கலத்துல இருந்து எடுத்த படத்துல 80-கள் ஆரம்பத்துல பாத்தது.

இன்னும் அதிசயமா ஒண்ணு, 2014 ஆகஸ்ட் 20-ல நடந்தத 2021-ல வெளியிட்டாங்க. வட காந்தத் துருவத்துக்கு மேல 1000 கிலோமீட்டர் அகலத்துல சுழல் கைகளோட ஒரு அரோரா, நடுவுல ஓட்டமே இல்லாத அமைதியான மையம், சுத்தி பலமான பிளாஸ்மா ஓட்டம், எட்டு மணிநேரம் நின்னுச்சு. விண்வெளிச் சூறாவளின்னு பேர் வச்சாங்க. அப்ப பி-இசட் மணிக்கணக்கா வடக்கே நின்னுது, கேபி பாத்தா அமைதியான நாள். துருவத்து உச்சியில புயல் அளவுக்கு சக்தி இறங்கிட்டு இருந்துது, எந்த சாதாரண இண்டெக்ஸ்லயும் அது தெரியல. வடக்கு பி-இசட்னா ஒண்ணுமில்லன்னு எழுதற கட்டுரைங்களப் பாத்தா எனக்குக் கோவம் வர்றது இதனாலதான்.

பிளாஸ்மா_பித்தன்:
ராசா, ஒரு விஷயத்துல உங்க கருத்து வேணும். புலம் திரும்பினா அயனோஸ்பியர் ஓட்டம் முதல்ல நண்பகல் பக்கம் மாறி அங்க இருந்து மெதுவா இரவுப் பக்கம் பரவும்னு கௌலியும் லாக்வுட்டும் 1992-ல சொன்னது எனக்குச் சரின்னு படுது. புதுசா திறந்த கோடு நண்பகல்ல இருக்கு, அங்கதான சமநிலை முதல்ல கெடும்.

ராடார்_ராசா:
படம் அழகா இருக்கு, ஆனா டேட்டா அப்படி முழுசா ஒத்துக்கல. ரிட்லி குழு 1998-ல தரைக் காந்தமானிகள வச்சுப் பாத்தப்ப மாற்றம் துருவம் முழுக்க கிட்டத்தட்ட ஒரே நேரத்துல ஆரம்பிச்சுது, ரெண்டு தரப்புக்கும் பத்திரிகையிலயே பெரிய வாக்குவாதம் நடந்துது. நான் பாத்த ராடார் நிகழ்வுகள்லயும் இரவுப் பக்கத்து பீம்ல ரெண்டு மூணு நிமிஷத்துலயே ஏதோ அசையுது.

பிளாஸ்மா_பித்தன்:
அசையறது வேற, புது வடிவத்துக்கு வந்து சேர்றது வேற. ஆரம்பம் எல்லா இடத்துலயும் சீக்கிரம் தெரியலாம், அலை வேகமா போகும். ஆனா முழு மாற்றம் நண்பகல்ல சீக்கிரமாவும் நள்ளிரவுல தாமதமாவும், 10, 20 நிமிஷம் எடுத்து முடியுது. இப்படிப் பாத்தா ரெண்டு பேர் அளந்ததும் உண்மைதான், அவங்க அளந்தது ரெண்டு வேற விஷயம்.

ராடார்_ராசா:
அதுல எனக்கும் சம்மதம். ஆனா பல மாடல்கள் புது பி-இசட் வந்ததும் மொத்த வரைபடத்தையும் ஒரே அடியா மாத்திடுது, போன அரை மணிநேரம் என்ன நடந்துதுன்னு கணக்குலயே எடுக்கறதில்ல. முன்கணிப்பு பண்றவங்க முதல்ல அத சரி பண்ணணும்.

ஷார்ட்வேவ்_மாமா:
ஸ்டார்லிங்க் சாட்டிலைட் விழுந்ததும் இந்த ஓட்டத்தாலதானா?

பிளாஸ்மா_பித்தன்:
ஆமா மாமா. 2022 பிப்ரவரி 3-ல 49 அனுப்பி 38 போச்சு, அது பெரிய புயல்கூட இல்ல. 300 கிலோமீட்டர்ல அயனியும் எலக்ட்ரானும் சேந்து ஓடும், ஆனா 100-ல இருந்து 150 கிலோமீட்டருக்குள்ள அயனி நடுநிலைக் காத்துல மோதி மோதித் தடுமாறும், எலக்ட்ரான் மட்டும் ஓடும், அங்கதான் எலக்ட்ரோஜெட் மின்னோட்டமும் உராய்வுச் சூடும். அந்தச் சூட்டுல வளிமண்டலம் உப்பி மேல ஏறும், அது துருவத்துல ஆரம்பிச்சு பூமி முழுக்கப் பரவும். அந்த சாட்டிலைட்டுங்கள முதல்ல விட்டது 210 கிலோமீட்டர் உயரத்துல, அடர்த்தி ஏறினதும் இழுவை தாங்கல.

கேள்விக்குறி:
@கயல்_நெல்லை அக்கா உங்க பேர்ல நெல்லைன்னு இருக்கு, பூமத்திய ரேகை பக்கத்துல இருந்துக்கிட்டு துருவத்த எப்படி ஆராய்ச்சி பண்றீங்க?

கயல்_நெல்லை:
துருவம் எங்க ஊருக்கு வருதே தம்பி. திருநெல்வேலி காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்துல இருக்கு, இங்க பகல்ல 105 கிலோமீட்டர் உயரத்துல கிழக்கு நோக்கி எலக்ட்ரோஜெட் ஓடும். கிருஷ்ணாபுரத்துல இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தோட ஆய்வு மையம் இருக்கு. எலக்ட்ரோஜெட் அளவு வேணும்னா திருநெல்வேலி காந்தமானிப் பதிவுல இருந்து மும்பை பக்கத்து அலிபாக் பதிவக் கழிப்பாங்க, அலிபாக் அந்தப் பட்டைக்கு வெளிய இருக்கறதால மத்ததெல்லாம் அடிபட்டு எலக்ட்ரோஜெட் மட்டும் மிஞ்சும்.

பி-இசட் திடீர்னு தெற்கே திரும்பினா துருவத்துக்குக் குறுக்க வர்ற அந்த மின்புலம் அங்கயே நிக்காது. சாதாரணமா உள் மேக்னடோஸ்பியர்ல ஒரு எதிர் மின்புலம் உருவாகி கீழ் அட்சரேகைகள மறைச்சு வைக்கும், ஆனா அது உருவாக நேரம் ஆகும். அந்த இடைவெளியில துருவ மின்புலம் நேரா நடுக்கோடு வரைக்கும் வந்துடும், நம்ம பகல் எலக்ட்ரோஜெட் குபீர்னு ஏறும். பி-இசட் மறுபடி வடக்கே திரும்பினா எதிர்ப்புலம் மட்டும் மிஞ்சி எலக்ட்ரோஜெட் சட்டுனு விழும், சில சமயம் திசையே மாறி மேற்கே ஓடும். நிஷிடா 1968-லயே இதக் காட்டிட்டார், துருவத்து காந்தமானியும் பெருவுல இருக்கற ஹுவான்காயோ காந்தமானியும் ஒரே நேரத்துல ஆடுது, அதே ஆட்டம் ஐஎம்பி-1 அளந்த வெளிப்புலத்துலயும் இருக்கு. பி-இசட் அரை மணிநேரத்துக்கு ஒரு தடவை மேல கீழ ஆடற நாள்ல திருநெல்வேலிப் பதிவ அதுக்குக் கீழ வச்சுப் பாருங்க, ஒண்ணு மேல ஒண்ணு வச்சு வரைஞ்ச மாதிரி மேடு பள்ளம் பொருந்தும்.

அண்டார்டிகால நம்ம மைத்ரியும் பாரதியும் புவியியல் அட்சரேகைல 70 பக்கம்தான், ஒரு டிகிரிக்குக் கொஞ்சம் மேலதான் வித்தியாசம். காந்த அட்சரேகைல மைத்ரி 63 பக்கம், பாரதி 75 பக்கம். அதனால ஒரே நிகழ்வ ஓவலோட வெளி ஓரத்துல இருந்தும் உள் ஓரத்துல இருந்தும் பாக்கலாம். பி-ஒய் வேலைக்கு பாரதி பதிவு அருமை, வட அரைக்கோளத்துக்கு எதிரா சாயுதான்னு சோதிச்சுடலாம்.

வடக்குவானம்:
கடைசியா ஒரு கேள்வி. இந்த பி-இசட்டை ஒரு நாளைக்கு முன்னமே சொல்ல ஏலாதோ? சுற்றுலாக்காரர் என்னட்டக் கேக்கேக்க நான் என்ன சொல்லுறது?

பிளாஸ்மா_பித்தன்:
சிஎம்இ கிளம்பிடுச்சு, எப்ப வந்து சேரும்னு பல மணிநேரம் பிழையோட சொல்லலாம். அதுக்குள்ள புலம் எந்தப் பக்கம் முறுக்கியிருக்குன்னு நம்பகமா சொல்ல இன்னும் வழியில்ல. சூரியன் பக்கமா 15 லட்சம் கிலோமீட்டர் தூரத்துல எல்-1 புள்ளியில ஏஸ் விண்கலம் 1997-ல இருந்தும் டிஸ்கவர் விண்கலம் 2015-ல இருந்தும் இருக்கு, நம்ம ஆதித்யா எல்-1-ம் 2024 ஜனவரி 6-ல அங்க போய்ச் சேர்ந்து காந்தமானியோட அளக்குது. அங்க அளந்ததுதான் முதல் உறுதியான தகவல். காத்து 400 கிலோமீட்டர் வேகம்னா உங்களுக்கு ஒரு மணிநேரம் இருக்கு, 800-ன்னா அரை மணிநேரம். அதனால வர்றவங்ககிட்ட "ராத்திரி நிச்சயம் வரும்"னு வாக்கு குடுக்காதீங்க அண்ணே, "வண்டியில ஏறத் தயாரா இருங்க, பி-இசட் மைனஸ் 5-க்குக் கீழ அரை மணிநேரம் நின்னா கிளம்பிடலாம்"னு சொல்லுங்க. காத்தோட வேகத்தையும் சேத்துப் பாருங்க, ரெண்டையும் பெருக்கினதுதான் உள்ள வர்ற மின்புலம், 700 கிலோமீட்டர் வேகத்துல மைனஸ் 3 வந்தா 400-ல மைனஸ் 5 வந்ததுக்கு சமம்.

வடக்குவானம்:
சரி, இனி அப்பிடியே சொல்லுறன். இந்த மாதக் கடைசியில ஸ்வால்பார்ட் போறன், மத்தியானப் படங்கள் எடுத்து நேரத்தோட இஞ்ச போடுறன், கயல் தங்கச்சி அந்த நேரத்து பி-ஒய்யைப் போட்டு மேற்கே ஓடுதோ கிழக்கே ஓடுதோ எண்டு பாத்துச் சொல்லுங்கோ.

கயல்_நெல்லை:
கண்டிப்பா அண்ணா. கேமரா கடிகாரத்த ஜிபிஎஸ் நேரத்தோட ஒத்து வச்சுக்குங்க, வட திசை எந்தப் பக்கம்னு ஒவ்வொரு படத்துலயும் தெரியற மாதிரி ஒரு மலையோ கட்டடமோ ஓரத்துல வர வைங்க, லென்ஸ மாத்தாதீங்க, பத்து செகண்டுக்கு ஒண்ணுன்னு விடாம எடுங்க. எல்-1-ல இருந்து வர்ற தாமதத்த நான் கழிச்சுக்கறேன்.

ராடார்_ராசா:
அந்த நேரத்துக்கு சூப்பர்டார்ன் மேப்ப நான் எடுத்துப் போடறேன், ஹாங்கசால்மி ராடார் அந்தப் பக்கம்தான் பாக்குது. காலை ஏழுல இருந்து பதினொண்ணு வரைக்கும் யூடி (உலக) நேரத்துல எடுங்க, கஸ்ப் உங்களுக்கு மேல வர்ற நேரம் அதுக்குள்ள அமையும்.